மொசைக் வேலைக்கு இந்த அறை: தரையைத் தவிர எல்லாம் சரி

பக்கத்து அறை காலியாகிறது, கண்ணாடிச் சில்லுகளைப் பதித்துப் படம் செய்யும் மொசைக் ஸ்டுடியோவுக்கு எடுக்கலாமா என்று நண்பர் கேட்டார். என்னுடையதைப் போலவே இருக்கும் அறை. இடம், தண்ணீர், மின்சாரம் எல்லாம் அவரே பார்த்துவிட்டார். குனிந்து தரையைத்தான் பார்க்கவில்லை.

சொரசொரப்பான டைல். வழுக்காமல் இருக்க மேலெல்லாம் குட்டிக் குட்டிப் பள்ளம். சக்கர நிப்பரில் (இரண்டு சிறு சக்கரங்களால் கண்ணாடியை நறுக்கும் இடுக்கி) கண்ணாடியைக் கடித்தால் இரண்டு துண்டோடு நிற்காது, கூடவே ஊசி மாதிரி ஒன்று தெறிக்கும். கையைக் குவித்து மறைத்துத்தான் வெட்டுகிறேன். அப்படியும் தப்பிப்பது நேராகப் போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். துடைப்பம் போட முடியாது. சிமெண்டிலும், சில்லுகளின் இடைவெளியை அடைக்கும் கிரவுட் பொடியிலும் சிலிக்கா உண்டு. கிளப்பிவிட்டால் நுரையீரலுக்குத்தான் கேடு. நுண்தூசியையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ள வாக்குவம் மேலோட்டமாக இழுக்கும். ஈரத்துணியால் துடைத்தால் துணி கிழியும், சில்லு அசையாது. டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்துப் பாருங்கள், அறை முழுக்க மினுமினுக்கும். ரப்பர் பாய் விரித்தேன். இப்போது பாயின் அடியில் போய்ச் சேருகிறது.

அப்புறம், ஜன்னல். இதைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். நேர் வெயில் விழாது. பகல் முழுக்கப் பக்கவாட்டில் ஒரே சீரான வெளிச்சம். தங்கச் சில்லு என்பது கண்ணாடிமேல் மெல்லிய தங்கத் தகடு வைத்து, அதன்மேல் இன்னொரு மெல்லிய கண்ணாடியை ஏற்றியது. எல்லாவற்றையும் மட்டமாகப் பதித்தால் ஓரிடத்தில் நின்றால் மொத்தமும் பளீரென்றும், நகர்ந்தால் மொத்தமும் மங்கியும் தெரியும். பழைய பைசாந்தியப் பேரரசின் கலைஞர்கள் சில்லுகளைச் சாய்த்துப் பதித்த கதை படித்ததுதான். ஆனால் இங்கே, பசை காயும் முன் ஒரு சில்லின் ஓரத்தை விரலால் லேசாக அழுத்தியதும் அது மட்டும் சட்டென்று ஒளியைப் பற்றிக்கொண்டு மின்னியது. முன்பு டியூப்லைட் வெளிச்சத்தில் வேலை செய்தபோது இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

தரைத்தளம் என்பதும் லாபம். ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள கண்ணாடி சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ. அடிப்பலகையும் சிமெண்டும் தனி. அதை மாடிப்படியில் இறக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மதிப்பெண் போட்டால் பத்துக்கு எட்டு தாராளமாக வரும். ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். குதிகாலில் ஏறிய சில்லை எடுத்த கையோடு எழுதுகிறேன், வேறெப்படிச் சொல்வது? பிடிவாதமாக எடுப்பதென்றால், தரைக்கு வழவழப்பான எபாக்சி பூச்சு போட்டுத் தரவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எனக்கும் ‘அடுத்த மாதம் போட்டுத் தருகிறோம்’ என்றுதான் சொன்னார்கள்.