வவுச்சரில் கையெழுத்து வாங்கிவிட்டு ‘காப்பிரைட் எங்களுக்கு’ என்பார்கள்: வில்லுப்பாட்டுக்காரர்கள் கவனத்துக்கு

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் வில்லுப்பாட்டுக் குழு வைத்திருப்பவர்களுக்கும், அவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. “நாங்களே பதிவு பண்ணி யூடியூபில் போடுறோம், உங்களுக்கும் விளம்பரம்” என்று ஸ்டுடியோவிலிருந்து போன் வந்தால், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்காகச் சுடலைமாடன் சாமியின் கதையைப் புதிதாக எழுதினேன். கதை பழசு. விளக்குச் சுடரில் பிறந்தது, மயானத்தில் பிணம் தின்றது, மலையாள நாட்டுக்குப் போனது எல்லாம் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் விருத்தங்களும், மெட்டுக்குத் தகுந்த அடிகளும், இடையில் வரும் நையாண்டிப் பேச்சும் என் சொந்தச் சரக்கு. கோடு போட்ட நோட்டில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவிக்கு வாட்ஸாப்பில் அனுப்புவேன். “இந்த அடி நாக்குல நிக்கல தம்பி” என்று அவர் திருப்பி அனுப்புவார். மறுபடி எழுதுவேன்.

கொடையில் பாட்டு எடுபட்டது. அதைக் கேள்விப்பட்டுப் பாளையங்கோட்டைப் பக்கத்து ஸ்டுடியோ ஒன்று கூப்பிட்டது. மொத்தக் குழுவுக்கும் சேர்த்து ஏழாயிரம் ரூபாய். ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சரில் அண்ணாவியும் நானும் கையெழுத்துப் போட்டோம். அதில் இருந்தது இவ்வளவுதான்: ‘வில்லுப்பாட்டு ஒலிப்பதிவு வகை, வண்டி வாடகை, சாப்பாடு உட்பட’. உரிமை என்ற சொல்லே கிடையாது.

வீடியோ வெளிவந்தபோது எழுதியவர் என்ற இடத்தில் ஸ்டுடியோவின் பெயர். சரி, கவனக்குறைவு என்று நினைத்துக் கடைசிவரை ஓடவிட்டேன். வாழிப் பாட்டில் எழுதியவன் பெயரும் ஊரும் வருகிற ஓர் அடி உண்டு. அந்த இடத்தில் அண்ணாவியின் குரல் இல்லை. குடத்தின் தட்டும் வில்லின் மணிச் சத்தமும் மட்டும் இரண்டு சுற்று ஓடி, அப்புறம் நேராக ‘வாழி’ என்று வருகிறது. உட்கார்ந்து அளந்து வெட்டியிருக்கிறார்கள். அண்ணாவி கேட்டுவிட்டு, “நம்ம பேரு எங்கடே?” என்றார், அவ்வளவுதான்.

இதோடு விட்டிருந்தால்கூடச் சண்டை போட்டு ஓய்ந்திருப்பேன். கொடை ராத்திரியில் போனில் எடுத்த வீடியோவை எங்கள் குழுவின் சேனலில் முன்பே போட்டிருந்தோம். அதன் மேலேயே அவர்கள் உரிமை கோரினார்கள். வருகிற விளம்பரக் காசு சொற்பம். அதுவும் அவர்களுக்காம். கேட்டதற்கு அந்த முதலாளி சொன்ன பதில்: “அண்ணாச்சி, இது சாமி கதையில்லா? ஊர்ச்சொத்துக்கு நீங்க என்னத்துக்கு உரிமை கொண்டாடுதிய? பதிவு பண்ணுனது நாங்க, ரூவா வாங்கிக் கையெழுத்துப் போட்டது நீங்க.” ஊர்ச்சொத்து என்றால் அவருக்கு மட்டும் எப்படி உரிமை வந்தது என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

இந்த ‘ஊர்ச்சொத்து’ வாதத்தில்தான் நம் ஆட்கள் பலர் வாயடைத்துப் போகிறார்கள். சுடலை கதை யாருக்கும் சொந்தமில்லை, உண்மை. நாளைக்கு நீங்களும் அதே கதையை உங்கள் சொல்லில் எழுதலாம், நான் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. சட்டம் காப்பது கதையை அல்ல, ஒருவன் அதைக் கட்டிய சொல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நான் எழுதி முடித்தவுடன் அந்த உரிமை எனக்கு வந்துவிடுகிறது. நான் இருக்கும்வரைக்கும், அதன் பிறகு 60 ஆண்டுக்கும் அது நிற்கும். கொடையில் யாராவது என் பாட்டைப் பாடினால் குற்றமில்லை. உண்மையான சமயச் சடங்கில் பாடுவதற்குச் சட்டமே விலக்குத் தருகிறது. அப்படிப் பாடினால் எனக்குச் சந்தோஷம்தான். பெயரை வெட்டிக் கடை விரிப்பது வேறு.

ஊர்ச்சொத்து என்றால் இதையும் சொல்ல வேண்டும். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதியின் பாட்டுகள் இன்று எல்லாருக்கும் பொது. அது தானாக நடந்ததில்லை. 1949இல் அரசு முன்வந்து, அவர் குடும்பத்துக்குத் தொகை கொடுத்து, உரிமையை வாங்கி, பிறகுதான் பொதுவாக்கியது.

வவுச்சர் கதைக்கு வருவோம். உரிமையை ஒருவருக்கு எழுதிக் கொடுப்பதென்றால், எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்த எல்லைக்குள், எவ்வளவு பணம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தும் வேண்டும். சட்டத்தின் 19ஆம் பிரிவு இது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றுதான் கணக்கு. சாப்பாட்டு வவுச்சர் இதில் எதற்கும் தேறாது. அப்படியே முழுக்க எழுதிக் கொடுத்திருந்தாலும், எழுதியவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை என்னிடமே இருக்கும். அது 57ஆம் பிரிவு. அவர்கள் பதிவு செய்த ஒலிக்கு அவர்களுக்கும் ஓர் உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. எங்கள் போனில் எடுத்தது அவர்கள் பதிவு இல்லையே!

யூடியூபில் மறுப்பு அனுப்பினேன். உரிமை கோரியவர் பதில் சொல்ல 30 நாள் தருகிறார்கள். நோட்டுப் பக்கங்களையும் தேதியோடு இருந்த வாட்ஸாப் படங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கோரிக்கையை அவர்களே விலக்கிக்கொண்டார்கள். பெயர் வெட்டிய வீடியோ மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் இல்லை.

பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் உரிமை என்று சிலர் பயமுறுத்துவார்கள், அப்படி இல்லை. ஆனாலும் வழக்கு என்று போனால் பதிவுச் சான்று நல்ல ஆதாரம். எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் பொறுப்பார்கள், அதன் பிறகுதான் மனுவைப் பார்ப்பார்கள். நான் இப்போது போட்டிருக்கிறேன்.

பாடுகிறவர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக உண்டு. உடுக்கு அடிப்பவரும் இதில் சேர்த்தி. அதனால் ஸ்டுடியோவுக்குப் போகிறவர்கள் குழுவில் எல்லார் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கிடலாம்’ என்றால் வில்லை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஏற்கெனவே இப்படி வவுச்சரில் கையெழுத்துப் போட்டவர்கள், அதன் நகலை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். அசல் அவர்களிடம்தான் இருக்கிறது.