சுங்கை சிப்புட் பக்கம் "ஆண்மை ஹார்மோன் செக்கப்"னு கூப்டா போயிடாதீங்க

சுங்கை சிப்புட் சுத்துவட்டாரத் தோட்டத்துல, தாமான்ல இருக்கறவங்க கொஞ்சம் படிங்க, முக்கியமா புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஏற்கனவே உரசல் இருக்கற வீட்டுக்காரங்க. டவுன்ல ஒரு மாடிக்கடைல ஹார்மோன் பார்க்கறேன்னு சொல்லி ஒருத்தன் காசையும் புடுங்கிட்டு குடும்பத்துலயும் நெருப்ப வச்சு அனுப்பறான். கேஸ் போட்டிருக்கேன், அதனால கடை பேர இங்க எழுதல.

எனக்கு 43 வயசு, செம்பனை மில்லுக்கு லோரி ஓட்டறேன், பாதி நாள் நைட் ஷிப்ட். கொஞ்ச மாசமாவே படுக்கைல எனக்கு முடியல. இத நாலு பேர் பார்க்க எழுத கூச்சமாதான் இருக்கு, ஆனா நம்ம ஆம்பளைங்க வெளிய சொல்லாம இருக்கறதாலதான் இவனுங்க பொழப்பு ஓடுது. என் வீட்டுக்காரம்மாகிட்ட யாரோ இந்தக் கடையப் பத்தி சொல்லி ரெண்டு பேருமா போனோம்.

உள்ள போனதும் வயசு, உயரம், எடை கேட்டு லேப்டாப்ல தட்டறான், அப்புறம் வயர் மாட்டின ஒரு இரும்புக் குச்சிய கைல புடிச்சுக்கச் சொல்றான், ஒரு நிமிஷம்தான், சிவப்பு பச்சை அம்புக்குறியோட பேப்பர் வந்துடுது. கல்லீரல், கிட்னி, எலும்பு, டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன் எல்லாம் அந்த ஒரே குச்சில! ஒரு சொட்டு ரத்தம் எடுக்கல. "அண்ணே உங்க ஹார்மோன் ரொம்ப கீழ போயிடுச்சு"ன்னு சொல்லிட்டு என்ன வெளிய உக்கார வச்சிட்டு அவள மட்டும் உள்ள கூப்ட்டான். உள்ள சொன்னது என்னன்னா, "தங்கச்சி, வீட்ல ஸ்டாக் இல்லன்னா வெளிய எங்கயோ செலவாகுதுன்னு அர்த்தம்". அதச் சொல்லிட்டு 680 வெள்ளிக்கு கெப்சூலும் கோப்பி பாக்கெட்டும் தலைல கட்டிட்டான், அடுத்த தடவை வந்தா ஊசி போடறேன்னு வேற.

அன்னிக்கு ராத்திரிலேர்ந்து வீடு வீடா இல்ல. அவ அந்தப் பேப்பர மடிச்சு சாமி மேடைல வச்சிட்டு, "புள்ளைங்க மேல சத்தியம் பண்ணுங்க"ன்னு அழறா. நான் லோரி எடுத்துட்டு போனா டிப்போவுக்கு போன் அடிச்சு வந்துட்டேனான்னு கேக்கறா. அவ மேல எனக்குக் கோவம் இல்ல, பேப்பர்ல அச்சடிச்சு குடுத்தா யாருக்கா இருந்தாலும் மனசு கலங்கும்.

என் மச்சான் தான் விஷயத்த ஒடச்சான். அவன் தனியா அதே கடைக்குப் போனான், அவனுக்கு ஹார்மோன் ரொம்ப அதிகமாம், "இந்த அளவுக்கு ஒரு பொண்ணு பத்தாது, வீட்ல சொல்லி வைங்க, அடக்கறதுக்கு மருந்து இருக்கு"ன்னானாம். அதாவது கம்மியா இருந்தாலும் கள்ளத்தொடர்பு, அதிகமா இருந்தாலும் கள்ளத்தொடர்பு. அதே பகல்ல வயச மட்டும் மாத்தி சொல்லி திரும்ப குச்சிய புடிச்சான், ரிப்போட் தலகீழா மாறிடுச்சு.

நான் அந்தக் கோப்பிய குடிச்ச அன்னிக்கு மூஞ்சி காந்தி, மூக்கு அடச்சு, தல வெடிக்கற மாதிரி வலி. கவர்மெண்ட் கிளினிக் போனேன், 1 வெள்ளிதான். டாக்டரம்மா பொறுமையா கேட்டுட்டு பாக்கெட்டெல்லாம் பார்த்தாங்க, கெப்சூல் டப்பால மால் நம்பரே இல்ல, அதாவது மருந்துக்கு அரசாங்கம் குடுக்கற பதிவு நம்பர். இந்த மாதிரி கோப்பி, மாஜூன் லேகியத்துல சில்டெனாபில், தடாலாபில்ங்கற எழுச்சி மருந்த யாருக்கும் தெரியாம கலந்து விக்கறத சுகாதார அமைச்சு பல தடவை புடிச்சிருக்கு. நெஞ்சு வலிக்கு நாக்கு அடில வைக்கற மாத்திரை எடுக்கறவங்க இதக் குடிச்சா ப்ரெஷர் திடீர்னு இறங்கி உயிரே போகலாம், எங்கப்பா அந்த மாத்திரை எடுக்கறவரு, அதே வீட்லதான் அந்தக் கோப்பி பாக்கெட் இருந்துச்சு.

ரத்தம் எடுத்தா எனக்கு இனிப்பு நீர், அதாவது சக்கரை நோய். 2019 தேசிய சுகாதார ஆய்வுல நம்ம மலேசியாவுல பெரியவங்கள்ள 18.3 சதவீதம் பேருக்கு இருந்துச்சு, பாதி பேருக்கு தனக்கு இருக்குன்னே தெரியாது. இனிப்பு நீரு, ரத்தக் கொதிப்பு, சிகரெட்டு எல்லாம் ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுக்கும், எழுச்சி வராம போறதுக்கு பெரும்பாலும் அதுதான் காரணம், சில பேருக்கு இருதய நோய்க்கு முன்னாடி வர்ற அறிகுறியே இதுதானாம். ஹார்மோன் நெஜமா கொறஞ்சா முதல்ல ஆசையே கொறயும். அதப் பார்க்கணும்னா காலைல ரத்த நாளத்துலேர்ந்து ரத்தம் எடுக்கணும், கம்மியா வந்தா இன்னொரு நாள் திரும்ப எடுத்துதான் முடிவு சொல்வாங்க, தூக்கம் கெட்டாலே அளவு இறங்கும்.

ஹார்மோன் அதிகமா இருக்கறவங்களுக்கு வெளிய நாட்டம் கொஞ்சம் அதிகம்னு சில ஆராய்ச்சி இருக்கு, பொய்னு சொல்லல, ஆனா அது கூட்டத்தோட சராசரி, ஒரு தனி மனுஷன் ரத்தத்தப் பார்த்து இவன் துரோகி இவன் நல்லவன்னு எந்த லேப்பும் சொல்ல முடியாது. பிலிப்பைன்ஸ் செபுல 600க்கு மேல இளைஞர்கள பல வருஷம் தொடர்ந்து பார்த்து 2011ல வெளியிட்டாங்க, கல்யாணம் ஆகி அப்பா ஆனவங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் நல்லா இறங்கியிருக்கு, அதுலயும் புள்ளய தூக்கி வச்சு பார்த்துக்கறவங்களுக்கு இன்னும் கம்மி. இத என் வீட்டுக்காரம்மாகிட்ட படிச்சு காட்டினப்ப அவ ஒன்னும் பேசல, சாமி மேடைலேர்ந்து அந்தப் பேப்பர எடுத்து என் கைல குடுத்தா, கேஸுக்கு வேணும்ல.

கல்யாணம் ஆகி குழந்தைக்குக் காத்திருக்கற தம்பிங்க அந்த ஊசிப் பக்கமே போகாதீங்க. வெளிலேர்ந்து டெஸ்டோஸ்டிரோன் ஏத்தினா உடம்பு தானா விந்தணு உண்டாக்கறது கொறஞ்சிடும், நெறைய பேருக்கு நின்னே போயிடும்.

1956 மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்துல ஆண்மைக் கொறைவ குணமாக்கறேன்னு விளம்பரம் பண்றதே குத்தம். மால் நம்பர்னா மால்னு போட்டு 8 இலக்கம், கடைசில ஒரு எழுத்து, பாரம்பரிய மருந்துன்னா டி. மருந்துகள பதிவு பண்ற அரசாங்க அமைப்பான என்பிஆர்ஏ வெப்சைட்ல தட்டிப் பாருங்க, ஏன்னா போலி நம்பரும் அடிக்கறானுங்க. காசு போயிருந்தா பயனீட்டாளர் டிரிபுனல்ல 5 வெள்ளி கட்டி கேஸ் போடலாம், வக்கீல் வேணாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம். நான் போட்டுட்டேன், பாக்கெட்டையும் பார்மசி அமலாக்கப் பிரிவுல குடுத்துட்டேன். அந்தக் கடைல வாங்கினவங்க ரசீது, டப்பா, அம்புக்குறி பேப்பர் எதையும் குப்பைல போடாதீங்க, இன்பாக்ஸ்ல வாங்க, யார் பேரும் வெளிய வராது.