கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு: ரயிலா, பஸ்ஸா?

கட்டணம்: ரயில் மலிவு, பருவச்சீட்டு எடுத்தால் இன்னும் மலிவு. பஸ்ஸில் மிச்சக் காசுக்கு நடத்துநரின் முகத்தையே பார்த்திருக்க வேண்டும்.

நேரம்: காலி வீதி நெரிசல் கடலோரத் தண்டவாளத்தைத் தொடாது. ஆனால் ஒரு ரயிலைத் தவறவிட்டால் காத்திருப்புத்தான். 100, 101 இலக்க பஸ்கள் அடுத்தடுத்து வரும்.

வசதி: காலையில் இரண்டிலும் இடம் கிடைக்காது. ரயில் மிதிபலகையில் தொங்குபவர்களுக்கு உப்புக்காற்று மட்டும் இலவசம்.

மூன்றாவது வழி? 1899இல் வந்த டிராம் பொரளை, கிராண்ட்பாஸ் பக்கமே ஓடி 1960இல் நின்றது. மேல்கம்பி மின்சாரத்தில் ஓடிய டிராலி பஸ்ஸும் 1964இல் போய்விட்டது. இரண்டையும் கைவிட்டது நகரத்தின் அவசரப் புத்தி.

கோட்டை, கொம்பனித்தெருவில் அலுவலகம் என்றால் ரயில். கொள்ளுப்பிட்டிக் கடைகளுக்கும் இரவு தாமதிப்பவர்களுக்கும் பஸ்.