காலையில் துண்டு வெட்டினார்கள், மறுநாள்தான் வெளியே விட்டார்கள்

கொழும்பில் வயதானவர்களைத் தனியார் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். இடுப்பெலும்பு ஒபரேஷன் முடிந்த 80 வயது தாண்டிய அம்மா ஒருவரை, காலை ரவுண்டில் வந்த டொக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டினார். அந்த அம்மா வெளியே வந்தது மறுநாள் மத்தியானம். பில்லில் இன்னொரு நாள் அறை வாடகையும் ஏறியிருந்தது.

அவரை வைத்திருக்க மருத்துவக் காரணம் எதுவுமில்லை. டயக்னோசிஸ் கார்ட் (நோய், சிகிச்சை, வீட்டில் தொடர வேண்டிய மருந்து எழுதித் தரும் அட்டை) எழுத வேண்டிய டொக்டர் ஒபரேஷன் தியேட்டரில். பாவிக்காத ஊசிமருந்தை ஃபார்மசிக்குத் திருப்பிக் கணக்கில் கழிக்காமல் பில்லை முடிக்க மாட்டார்கள். வந்து பார்த்த ஒவ்வொரு நிபுணரின் கட்டணமும் பதிவாக வேண்டும். அதன்பிறகே இன்ஷூரன்ஸுக்கு அனுப்புவார்கள். பின்னேரம் போனால் பதில் அடுத்த நாள்தான். போயா (பௌர்ணமி விடுமுறை), ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம்.

காசை விடுங்கள், உடம்புக்குத்தான் பெரிய நட்டம். நோயில்லாத முதியவர்களே 10 நாள் படுக்கையில் கிடந்தால் கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை கரைந்துவிடும். கழற்றாமல் விட்ட கனுலாவும் (கையில் மருந்தேற்றும் குழாய்) கத்தீட்டரும் (சிறுநீர்க் குழாய்) கிருமிக்கு வாசல். இரவில் இடம் பிடிபடாமல் தடுமாறி, கட்டிலால் இறங்கி விழுகிறவர்களும் உண்டு.

ஆகவே, "நாளைக்கு அனுப்பலாம்" என்ற பேச்சு வந்த அன்றே வார்ட் சிஸ்டரைப் பிடியுங்கள். கார்ட்டை அன்றிரவே எழுதி வைக்கவும், மிஞ்சிய மருந்தைத் திருப்பவும், அதுவரைக்குமான பில்லை இன்ஷூரன்ஸுக்கு அனுப்பவும் சொல்லுங்கள்.

கார்ட்டைக் கையில் வாங்கியதும் வார்டிலேயே நின்று வாசியுங்கள். அந்த அம்மாவின் கார்ட்டில், இரத்தம் கட்டிபடாமல் தினமும் போட்டுவந்த ஊசியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இடுப்பு ஒபரேஷனுக்குப் பிறகு அந்த மருந்து 35 நாள் வரை தேவைப்படலாம். இடையில் நின்றால் காலில் கட்டிபட்ட இரத்தம் நுரையீரலுக்குப் போய் ஆளையே கொல்லக்கூடும். எத்தனை நாள், வீட்டில் யார் போடுவது, தையல் எப்போது வெட்டுவது, பழைய பிரஷர் குளிசையைத் தொடர்வதா என்று கேட்டு எழுத வையுங்கள்.

வோக்கர், கொமோட் கதிரை முதல் நாளே வீட்டில் இருக்க வேண்டும். வெள்ளவத்தை ஃப்ளாட் என்றால் லிஃப்டுக்குள் வீல்செயார் நுழையுமா என்று அளந்து பாருங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் அவசரத்துக்கு மட்டுமே. வீட்டுக்குக் கூட்டிப்போக வாகனத்தை நீங்கள்தான் ஒழுங்குபண்ண வேண்டும்.

தாமதம் அவர்களுடையது என்றால் அந்த வாடகையைக் கட்டுமுன் விபரமான பில் கேளுங்கள். டொக்டர் போகலாம் என்று எழுதிய நேரம் டிக்கெட்டில் (வார்டில் வைத்திருக்கும் நோயாளியின் பதிவேடு) இருக்கும். அதைக் காட்டிக் கழிக்கச் சொல்லுங்கள். மறுத்தால், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் ஆஸ்பத்திரிகளை ஒழுங்குபடுத்தும் பேரவைக்குப் பில், கார்ட் பிரதிகளோடு எழுத்தில் முறையிடுங்கள்.