மீட்டு வந்த நாய்க்குச் சட்டிச் சோறா, உலர் தீவனமா? முற்றமா, தார்சாவா?

தெருவிலிருந்து மீட்கப்பட்ட நாயையோ காப்பகத்தில் இருந்த நாயையோ வீட்டுக்குக் கொண்டுவந்ததும், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களில் இரண்டு விவாதங்கள் தொடங்கிவிடும். வடித்த சோற்றோடு கறியோ முட்டையோ சேர்த்துப் போடுவதா, கடையில் விற்கும் உலர் தீவனத்தை வாங்கிப் போடுவதா என்பது ஒன்று. முற்றத்து வேப்பமரத்தடியில் கட்டிப்போடுவதா, வீட்டின் முன்கூடமான தார்சாவில் ஒரு மூலையை ஒதுக்கி உள்ளே வைத்துக்கொள்வதா என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பேசி முடிவெடுப்பதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் பயந்து போயிருக்கும் நாய்க்கு எவ்வளவு நல்ல உணவும் ஒழுங்காகச் செரிப்பதில்லை. வயிறு கெட்ட நாய் எந்த மூலையிலும் நிலைகொள்வதில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே இங்கே எடைபோடுகிறேன்.

உணவில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், நாய் வந்த இடத்தில் அது என்ன தின்றது என்று கேட்டறிந்து, முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அதையே கொடுப்பதுதான் சரி. இடம், வாசனை, ஆட்கள், சத்தம் எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்ட உயிருக்கு, பழகிய உணவு ஒன்றாவது மாறாமல் இருக்கட்டும். அதன் பிறகு புதிய உணவைக் கால் பங்கு, பாதி, முக்கால் என்று ஏற்றி, ஏழிலிருந்து பத்து நாட்களுக்குள் முழுமையாக மாற்றிக்கொள்ளலாம். டீக்கடை வாசலில் பன்னும் பிஸ்கட்டும் தின்று வளர்ந்த நாயாக இருந்தால் அதையே தொடர முடியாது. அப்போது குழைய வேகவைத்த சோறும் தோல் நீக்கிய கோழிக்கறியும் சிறிது சிறிதாகக் கொடுப்பது வயிற்றுக்கு இதமானது.

எலும்பும் தோலுமாக வந்த நாயின் விஷயம் தனி. பார்த்தவுடன் மனம் இளகி, சட்டி நிறையச் சோற்றை வைத்துவிடத் தோன்றும். பல நாள் பட்டினி கிடந்த உடலுக்குள் மாவுச்சத்து திடீரென்று நிறையப் போனால், ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து, இதயத்துடிப்பு தடுமாறி, உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகைய நாய்க்கு மருத்துவர் சொல்லும் அளவில், நாளைக்கு நான்கைந்து முறை சின்னச் சின்ன உருண்டைகளாகத்தான் தொடங்க வேண்டும். அதே நேரம், நம் பக்கத்தில் கன்னி, சிப்பிப்பாறை ஆகிய வேட்டைநாய் இனங்களின் ரத்தம் கலந்த நாய்கள் ஏராளம். அவற்றின் உடல்வாகே ஒடிசலானது. கடைசி இரண்டு விலா எலும்புகள் வெளியே தெரிவது அவற்றுக்கு இயல்பு. கண்ணால் மட்டும் பார்க்காமல் முதுகெலும்பின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவ வேண்டும். எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதையே கைக்குத் தட்டுப்படவில்லை என்றால்தான் அது பட்டினி.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். வீட்டுச் சமையலின் பெரிய பலம், நாய் அதை விரும்பித் தின்பது. புது வீட்டில் தலையைத் தூக்காமல் சுருண்டு கிடக்கும் நாயைக்கூடக் கறி வேகும் மணம் எழுப்பிவிடும். சோறு நாய்க்கு ஆகாது என்று சிலர் சொல்வதிலும் பொருளில்லை. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் நகல்கள் பல மடங்கு கூடுதலாக இருப்பதை 2013-இல் வெளியான மரபணு ஆய்வு எடுத்துக்காட்டியது. குறை வேறிடத்தில் இருக்கிறது: சோறும் கறியும் மட்டும் போட்டால் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவாகவும், துத்தநாகம், வைட்டமின் டி, இ, அயோடின் போன்றவை போதாமலும் போய்விடும். வளர்ந்த நாயிடம் இது மெதுவாகத்தான் தெரியும். குட்டியிடம் சில வாரங்களிலேயே கால்கள் வளைந்து, பாதம் தட்டையாகிவிடும்.

பதினைந்து கிலோ எடையுள்ள, கருத்தடை செய்யப்பட்ட வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கிலோகலோரி வேண்டும். அதை வீட்டுச் சமையலில் கொடுப்பதானால் சுமார் 300 கிராம் வெந்த சோறு, 180 கிராம் எலும்பில்லாத வெந்த கோழிக்கறி, ஒரு முட்டை, ஒரு பிடி பூசணிக்காயோ கேரட்டோ, ஒரு தேக்கரண்டி எண்ணெய் என்று கணக்கு வரும். இதோடு நன்றாகக் கழுவிக் காயவைத்து மாவாக அரைத்த முட்டை ஓட்டுத் தூளில் அரைத் தேக்கரண்டியும், மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சத்துப் பொடியும் சேர்ந்தால்தான் அது முழு உணவு. தூத்துக்குடிப் பக்கத்துச் சாளை மீன் மலிவாக வரும் நாட்களில் கறிக்குப் பதிலாக அதை உப்பில்லாமல் வேகவைத்து முள் நீக்கிக் கொடுக்கலாம். கருவாடு வேண்டாம், அதில் உள்ள உப்பு நாய்க்கு மிக அதிகம்.

வீட்டுச் சமையல் என்று பலர் சொல்வது உண்மையில் மிச்சச் சோறு. இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. நாம் சாப்பிட்ட சொதியிலும் குழம்பிலும் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்காது; அவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஒரு வேளையில் ஒன்றும் நேராதது போலத் தோன்றினாலும், தினமும் குழம்புச் சோறு தின்னும் நாய்க்கு ரத்தசோகை வரும் வாய்ப்பு உண்டு. வெந்த கோழி எலும்பு கூர்மையாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். தயிர்ச்சோறு ஆபத்தில்லாதது என்றாலும் புரதம் குறைந்தது. பால் பல நாய்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை, பேதியில் கொண்டுபோய் விடும். நாய்க்கான சோற்றைத் தனியாக, உப்பும் தாளிப்பும் இல்லாமல் வைக்க நேரமில்லாத வீடு, வீட்டுச் சமையலைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நாய்க்குச் செய்யும் நன்மை.

உலர் தீவனத்தின் பலம் அளவும் நிறைவும். பையின் மேல் ‘முழுமையான, சமச்சீரான உணவு’ என்று அச்சிடப்பட்டிருந்தால் வேறு எதையும் சேர்க்க வேண்டியதில்லை. மேலே சொன்ன நாய்க்கு 220 முதல் 250 கிராம் வரை போதும். யார் வைத்தாலும் அதே உணவு, அதே அளவு. புதிதாக வந்த நாய்க்கு இந்த மாறாத தன்மை பெரிய உதவி. இன்று பேதி என்றால் நேற்று என்ன போட்டோம் என்று வீடே கூடி யோசிக்க வேண்டியதில்லை. பலவீனங்களும் உண்டு. தெருவில் வளர்ந்த பல நாய்கள் முதல் நாளில் இதை உணவாகவே ஏற்பதில்லை. வெந்நீரில் ஊறவைத்து, கறி வேகவைத்த தண்ணீரைக் கொஞ்சம் விட்டால்தான் வாய் வைக்கும். சாக்கு மூட்டையைப் பிரித்து எடைபோட்டு விற்கும் தீவனத்தை வாங்க வேண்டாம்: அதன் கொழுப்பு காற்றுப்பட்டுக் காறியிருக்கும், பையில் அச்சிட்ட தேதியும் கண்ணில் படாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பையைக் கட்டிவைத்தாலும் நமுத்துப் பூசணம் பிடிப்பதால், மூடி இறுகிய டப்பாவில் போட்டு, பிரித்த ஆறு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். குட்டிக்குக் குட்டிகளுக்கென்றே உள்ள தீவனம்தான் வாங்க வேண்டும்.

கோழிக்கடையில் கிடைக்கும் தலை, கால், குடல் ஆகியவற்றைப் பச்சையாகப் போடுவது மூன்றாவது வழி. செலவே இல்லை என்பதால் பலரும் இதை நாடுகிறார்கள். குடற்புழுவும் பேதியும் வர இதைவிட எளிய வழியில்லை. குழந்தைகள் புழங்கும் வீட்டில் அந்தக் கிருமிகள் நாயின் வாயோடு நிற்பதுமில்லை. இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

என் தீர்ப்பு இது. குட்டிக்கு உலர் தீவனம்தான். அதில் எனக்கு இரண்டு எண்ணம் கிடையாது. வளர்ந்த நாய்க்கு, தினமும் தனியாகச் சமைக்க ஒருவர் உறுதியாக இருக்கும் வீட்டில் வீட்டுச் சோறு. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் காலையில் தீவனம், இரவில் அளவு குறைத்த கறிச்சோறு. சித்திரை, வைகாசி வெயிலில் காலை பத்து மணிக்கு வைத்த சோறு மதியத்துக்குள் புளித்துவிடும் என்பதால், பகல் வேளைக்குத் தீவனம் நம் ஊருக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது. எதைப் போட்டாலும் இருபது நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். எறும்பும் மொய்க்காது, நாய்க்கும் வேளை பழகும்.

நாய் தின்ன மறுத்தால் உடனே உணவை மாற்றாமல், எதில் வைக்கிறோம், எங்கே வைக்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும். பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வளவு வீட்டில், புதிதாக வந்த பெட்டை நாய் இரண்டு வாய் தின்பதும் பின்வாங்குவதுமாக இருந்தது. பிடிக்கவில்லை போலும் என்று அவர்கள் உணவை மாற்றி மாற்றிப் பார்த்ததில் அதற்குப் பேதிதான் கண்டது. நாக்கால் தள்ளும்போதெல்லாம் எவர்சில்வர் தட்டு சிமெண்ட் தரையில் நகர்ந்து கிறீச்சிட்டதை அந்த வீட்டு ஆச்சிதான் கவனித்தார். “தட்டு சத்தம் போடுதுல்லா, அதுக்குப் பயமா இருக்கு தம்பி. சட்டியில வச்சுப் பாரு” என்றார். கனத்த காருகுறிச்சி மண் சட்டி ஒன்றைச் சுவரோரமாக வைத்து, நாய் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆட்களைப் பார்த்தபடி தின்னும்படி செய்ததும் அது சட்டியை வழித்துவிட்டது. தண்ணீருக்கும் மண் சட்டியே நல்லது, கோடையில் குளிர்ந்திருக்கும்.

இடம் பற்றிய ஒப்பீட்டில் என் மனம் முற்றத்தின் பக்கம் போகவே இல்லை. பகலில் கட்டிப்போட்டு இரவில் அவிழ்த்துவிடுவது இங்கே பழைய வழக்கம். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த நாய்க்கு அது ஒருவேளை பொருந்தியிருக்கலாம். நேற்று வந்த நாய்க்கு அந்த வீடு இன்னும் வீடாகவில்லை. இரவில் அவிழ்த்துவிட்டால் அது தனக்குப் பழகிய தெருவைத் தேடிப் புறப்படும். நான்குவழிச் சாலைக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு அதன் முடிவு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கட்டியே வைத்தாலோ, யார் நெருங்கினாலும் விலகிப் போக வழியில்லாத நாய் பல்லைக் காட்டத்தான் கற்றுக்கொள்ளும். நாயை எப்போதும் கட்டியே வைத்து நடமாட விடாமல் இருப்பதையும், அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் பிணைப்பதையும் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாகவே வைத்திருக்கிறது.

வீடு முழுவதும் சுற்ற விடுவது இதற்கு நேர் எதிரான வழி. அன்பினால் செய்வதுதான், ஆனாலும் முதல் வாரத்தில் அது நாய்க்குச் சுமை. மிக்ஸி, பிரஷர் குக்கர், அங்கணத்தில் பாத்திரம் விழும் ஓசை என்று ஒவ்வொன்றும் அதற்குப் புதுப் பயம். இரண்டுக்கும் நடுவில், தார்சாவிலோ நடையிலோ ஆள் போக்குவரத்து குறைந்த ஒரு மூலையில் பழைய சமுக்காளத்தை விரித்து, மூன்று பக்கம் மறைத்து ஒரு பக்கம் திறந்து வைப்பதே சிறந்தது. குடும்பம் கண்ணில் படும், ஆனால் யாரும் அதைக் கடந்து போக மாட்டார்கள். அந்த மூலைக்குள் நாய் இருக்கும்போது யாரும் கை நீட்டக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும். வெளியே கொண்டுபோகக் கழுத்துப்பட்டை மட்டும் போதாது. பயந்த நாய் பின்னோக்கி இழுத்தால் தலை நழுவிவிடும் என்பதால் மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையும் வேண்டும். சாப்பிட்ட கால் மணி நேரத்தில் தினமும் ஒரே இடத்துக்கு அழைத்துப் போனால், பெரும்பாலான நாய்கள் சில வாரங்களில் வீட்டுக்குள் அசுத்தம் செய்வதை நிறுத்திவிடும்.

சாப்பிடும்போது உறுமும் நாயிடம் ‘நான்தான் பெரியவன்’ என்று காட்டத் தட்டைப் பிடுங்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதற்கு மாற்று, இரண்டடி தள்ளி நடந்து போகும்போதெல்லாம் ஒரு துண்டுக் கறியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுவது. முதல் வழி கடியில் முடிகிறது. இரண்டாவது வழியில், ஆள் வந்தால் உணவு கூடும் என்று நாய் புரிந்துகொள்கிறது. கடியோ கீறலோ பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வந்ததும் குளிப்பாட்டுவதா, காத்திருப்பதா? காத்திருப்பதே நல்லது. பம்புசெட்டுத் தண்ணீரில் நான்கு பேர் அமுக்கிப் பிடித்துக் குளிப்பாட்டும் அனுபவத்தோடு அதன் புது வாழ்க்கை தொடங்க வேண்டாம். உண்ணி நிறைய இருந்தால் அதற்கு மருத்துவர் எடை பார்த்துக் கொடுக்கும் மாத்திரை போதும். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை நாயின் மேல் ஊற்றினால் அது நக்கித் தின்று வலிப்பு வரக்கூடும்.

மருத்துவரிடம் போவதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. நாய் பழகட்டும், பிறகு போகலாம் என்று நினைப்பதைவிட, கொண்டுவரும் வழியிலேயே ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்திலோ காட்டிவிட்டு வருவது மேல். பழகத் தொடங்கிய மூன்றாம் நாளில் மறுபடி வண்டியில் ஏற்றினால், தன்னைத் திருப்பி விடப்போகிறார்கள் என்பதுபோல் அது கலங்கிப்போகும். மலம் பார்த்துப் புழு மருந்து, வெறிநோய்த் தடுப்பூசி, ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை ஆகிய மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் இரண்டு வாரத்துக்கு இரண்டையும் தனித்தனியே வைக்க வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய தொற்றுநோய்கள் வெளியே தெரிய அவ்வளவு நாள் ஆகலாம்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் நமக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்கும் தீபாவளிக்கும் முந்தைய மூன்று வாரங்களில் புது நாயைக் கொண்டுவர வேண்டாம். வேட்டுச் சத்தத்துக்கு மிரண்டு ஓடும் நாய்க்குத் திரும்பி வர வழி தெரிந்திருக்காது. கொடை முடிந்து, குழாய் ஸ்பீக்கரை இறக்கி, ஊர் அடங்கிய பிறகு காப்பகத்துக்குப் போய் அழைத்து வந்தால், அந்த மூன்று வாரமும் முழுதாக நாய்க்குக் கிடைக்கும்.