தவளையா, மீனா? போஸ்ட்டாக் தேடும் டர்பன் பிள்ளைகளுக்கு

கருவளர்ச்சி உயிரணுவியலில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) இடம் தேடும் நம் பிள்ளைகள் எந்த நாடு, எந்தப் பேராசிரியர் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்த உயிரியை வைத்து ஆய்வு என்று கேட்பவர்கள் குறைவு. நம்மவர்கள் விண்ணப்பிக்கக்கூடிய மேரி கியூரி ஐரோப்பிய நல்கை அதிகபட்சம் 24 மாதம். அதற்குள் என்ன செய்து முடிக்கலாம், ஊர் திரும்பும்போது எதைக் கொண்டுவரலாம் என்பதெல்லாம் உயிரியைப் பொறுத்தது.

தவளை என்றால் நம் தென்னாப்பிரிக்காவின் பிளாட்டானாதான், அறிவியல் பெயர் செனோபஸ் லேவிஸ். 1930களில் கேப் டவுனில் கர்ப்பச் சோதனைக்குப் பயன்பட்டு, பிறகு கப்பலேறி உலகம் முழுவதும் போனது. மாலையில் ஹார்மோன் ஊசி போட்டால் மறுநாள் காலை முட்டை தயார். (டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி அத்தைமார் “டாக்டர் ஆகிவிட்டாய், ஊசி போடுவாயா?” என்று கேட்டால் தயங்காமல் ஆமாம் சொல்லலாம்.) முட்டையைச் சுற்றியுள்ள கூழை சிஸ்டீன் கரைசலில் கழுவும்போது எழும் அழுகல் நாற்றம் மட்டும் பழகவே பழகாது.

முட்டையின் விட்டம் சுமார் 1.2 மில்லிமீட்டர். கண்ணாடிக் குழாயில் ஒட்டிய ஒரு புருவ மயிரே கத்தியாகிவிடும். கருவின் மேல்மூடியை வெட்டி உப்புநீரில் விட்டால் அது தோலாகிறது. ஆக்டிவின் புரதம் சேர்த்தால் தசையாகிறது. கரு இரண்டு செல்லாக இருக்கும்போது ஒன்றுக்கு மட்டும் ஊசி போட்டால் பெரும்பாலும் உடலின் ஒரு பாதி மட்டும் மாறும். மறுபாதியே ஒப்பீட்டுக்கு உதவும். முட்டையை மையவிலக்கியில் சுழற்றி எடுத்த சாற்றில், செல்லே இல்லாமல், கதிர்க்கோல் (செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் இழை அமைப்பு) உருவாவதைப் பார்க்கலாம். இதற்கு மீனில் ஈடு கிடையாது.

குறை மரபணுப் பக்கம். லேவிஸ் முதிர்ச்சி அடைய ஓராண்டுக்கு மேல் ஆகும். 36 குரோமோசோம்கள், பாதிக்கு மேற்பட்ட மரபணுக்கள் இரட்டைப் பிரதியாக இருக்கின்றன; ஒன்றைக் கெடுத்தாலும் மற்றது ஈடுகட்டிவிடலாம். 24 மாதத்தில் திடீர்மாற்ற வம்சம் ஒன்றை உருவாக்கி ஆராய நினைப்பது வீண் ஆசை. ஆறு மாதத்துக்குள் முதிரும் இன்னொரு செனோபஸ் தவளையான டிராபிகாலிஸ் இனம் அதற்குப் பரவாயில்லை.

மீன், அதாவது வரிக்குதிரை மீன், அங்கேதான் வெல்கிறது. மூன்று மாதத்தில் ஒரு தலைமுறை. கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் ஒரு மரபணுவை வெட்டினால், முதல் ஆண்டு முடிவதற்குள் இரு பிரதியும் கெட்ட கருக்கள் கையில் இருக்கும். கரு கண்ணாடிபோல் தெளிவானது. 24 மணி நேரத்தில் உடலமைப்பு தெரிந்துவிடும். செல்கள் இடம்பெயர்வதை இரவு முழுக்க நுண்ணோக்கியில் படம்பிடிக்கலாம். மஞ்சள்கரு நிறைந்த தவளைக் கருவில் இது நடக்காது. உங்கள் கேள்வி செல்களின் இடப்பெயர்ச்சி பற்றியதென்றால் யோசிக்கவே வேண்டாம், மீன்தான்.

புழுவை விட்டுவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம். சி. எலிகன்ஸை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்து 2002-ல் நோபல் பெற்ற சிட்னி பிரென்னர் நம் ஜெர்மிஸ்டனில் பிறந்தவர். வளர்க்கச் செலவும் மிகக் குறைவு. ஆனால் நான் சொல்வது முதுகெலும்புள்ளவற்றை ஆராய விரும்புவோருக்கு.

ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் என் வாக்கு தவளைக்கே. மீன் தொட்டிகளில் நீர் ஓயாமல் சுழல வேண்டும், 28 டிகிரியில் இருக்க வேண்டும். 2023-ல் லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) எப்படி இருந்தது என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. பிளாட்டானா சுழற்சி இல்லாத குளிர்ந்த நீரிலும் நுரையீரலால் மூச்சுவிட்டுப் பிழைத்துக்கொள்ளும்.

அப்படியும் மனம் மீனிலேயே நின்றால், சேர்வதற்கு முன்பே பேராசிரியரிடம் ஒன்றைக் கேளுங்கள்: நான் உருவாக்கும் மீன் வம்சங்களை முடிந்தபின் எடுத்துச் செல்லலாமா? பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தவளைக்காரர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் கைத்திறன். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.