5 லிட்டர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்: சர்வீஸ் முடிஞ்சு வந்ததும் எழுதுறேன்

பழைய ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தர் அவங்கம்மாவுக்கு கான்சன்ட்ரேட்டர் (காத்துலருந்து ஆக்சிஜனைப் பிரிச்சுக் குடுக்கிற மெஷின்) வாங்கணும், நீங்க வெச்சிருக்கிறது எப்படின்னு கேட்டாரு. எங்க மெஷின் இப்பதான் ரிப்பேர் முடிஞ்சு வந்துருக்கு, கோவம் இன்னும் அடங்கல, அதனால கொஞ்சம் சூடாத்தான் இருக்கும்.

எங்கம்மாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சு விடவே சிரமமாக்குற நாள்பட்ட நுரையீரல் நோய். பீடி சிகரெட்லாம் இல்ல, காலம்பூரா விறகடுப்புப் புகை. டாக்டர் சொன்னது நிமிஷத்துக்கு 2 லிட்டர், ஒரு நாளைக்கு குறைஞ்சது 15 மணி நேரம், ஆக்சிமீட்டர்ல 88-லருந்து 92 வரைக்கும் இருந்தா போதும்னு. பாக்க வர்ற சொந்தக்காரங்க ஆளாளுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டி வைன்னு திருகப் போவாங்க, விடவே கூடாது, இந்த நோய்ல சிலருக்கு ஆக்சிஜன் அதிகமானா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறி மயக்கமாயிடும்.

இப்ப கோவத்துக்கு வர்றேன். போன மாசம் அம்மாவுக்கு 84, 85ன்னே காட்டுச்சு. மெஷின்ல அளவு காட்டுற கண்ணாடிக் குழாய்க்குள்ள இருக்கிற குண்டு கரெக்டா 2-ல நிக்குது, சத்தமும் வழக்கம் போலத்தான். நோய் முத்திடுச்சுன்னு அட்மிஷனுக்கே பை கட்டிட்டோம். சர்வீஸ் பையன் வந்து, வர்ற காத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம்னு அளக்கிற அனலைசரை மாட்டினா 74%! உள்ள இருக்கிற ஜியோலைட்ங்கிற பொருள் காத்துல உள்ள நைட்ரஜனைப் பிடிச்சு வெச்சுட்டு 90%க்கு மேல ஆக்சிஜன் அனுப்பணும், ஈரம் ஏறி அது கெட்டுப்போச்சு. அந்தக் குண்டு எவ்வளவு காத்து வருதுன்னுதான் காட்டும், அதுல ஆக்சிஜன் எவ்வளவுன்னு காட்டாது. ஆக்சிஜன் சதவீதம் குறைஞ்சா மஞ்சள் லைட் எரியிற மாடல் எத்தனையோ இருக்கு, எங்களுக்கு வித்தவங்க இதுல அது இல்லன்னு வாயே திறக்கல. மூச்சுக்கு நம்பியிருக்கிற பொருள்ல இப்படிப் பண்ணலாமா?

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். கூட ஒரு நீள ட்யூப் வாங்கிப் போட்டோம், அதுலதான் அம்மா மாறினாங்க. முன்னாடி கட்டிலை விட்டு எறங்க பயப்படுவாங்க. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த மாதிரி மூக்கால இழுத்து, உதட்டைக் குவிச்சு, இழுத்ததைவிட ரெண்டு மடங்கு நேரம் மெதுவா ஊதிக்கிட்டே ஹால்லருந்து வாசல் வரைக்கும் நடப்பாங்க, நாற்காலியில உக்காந்து எந்திரிப்பாங்க. நடக்கறப்போ எவ்வளவு வைக்கணும்னு டாக்டர் தனியா எழுதிக் குடுத்துருக்காரு. இப்ப கீரைக்காரம்மா குரல் கேட்டா ட்யூபை ஒரு கையில சுருட்டிப் பிடிச்சுக்கிட்டு வாசலுக்கே போய் பேரம் பேசுறாங்க. விளக்கேத்துறதுக்கு மட்டும் மெஷினை ஆஃப் பண்ணிட்டு, ட்யூபைக் கழட்டி வெச்சுட்டுத்தான் போகணும், நெருப்பு கிட்ட ஆக்சிஜன் ஆகவே ஆகாது.

கரண்ட் பில், சத்தம் எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஃபில்டரை வாரா வாரம் கழுவி நல்லா காயவெச்சுப் போடுங்க.

எங்கம்மாவை வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்த மெஷின்தான், இருந்தாலும் இந்த மாடலை வாங்காதீங்கன்னுதான் சொல்வேன். ஆக்சிஜன் குறைஞ்சா லைட் போட்டுக் காட்டுற சென்சார் இருக்கிறதா பாத்து, கடையிலயே அனலைசர் வெச்சுக் காட்டச் சொல்லி வாங்குங்க. அதுக்கும் முன்னாடி, மூச்சு வாங்குதுங்கிற ஒரே காரணத்துக்காக வாங்கிடாதீங்க, சும்மா உக்காந்திருக்கறப்பவே 88-க்கு மேல நிக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு வீட்ல ஆக்சிஜன் தேவைப்படாது, இன்ஹேலரை ஒழுங்கா எடுக்கிறதும் நடைப்பயிற்சியுமே பெரிய வித்தியாசம் காட்டும். உங்கம்மாவுக்கு ஏபிஜி டெஸ்ட் (தமனி ரத்தத்துல ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு எவ்வளவுன்னு பாக்கிறது) எடுத்தாச்சான்னு முதல்ல சொல்லுங்க, மெஷின் பேச்சை அப்புறம் வெச்சுக்கலாம்.